ஹப்பை விடாதீர்கள்: பைக்குக்குக் கம்பிச் சக்கரம் தேர்ந்தெடுக்கும் முறை

என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தோடு வருவார்கள். தங்க நிற ரிம் (டயர் உட்காரும் வளையம்), கறுப்பு ஹப் (நடுவில் ஆக்சில் நுழையும் குடம்), மினுமினுக்கும் கம்பிகள். “இது என் வண்டிக்குப் பொருந்துமா?” என்று கேட்பார்கள். படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் அளவு பார்க்கும் வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்க்காத பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூச்சமாக இருக்கும். இப்போது வீட்டு வராந்தாவில் சக்கரம் கட்டுவதும் அதன் கோட்டம் (நெளிவு) எடுப்பதும்தான் பொழுதுபோக்கு.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஹப்பை மாற்றாதீர்கள். ரிம்மையும் கம்பிகளையும், கம்பியை ரிம்மில் முடுக்கும் நிப்பிள்களையும் மாற்றுங்கள். அதில் மிச்சமாகும் பணத்தைச் சக்கரம் கட்டத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். ஏன் என்பதுதான் இனி வருவது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்குக் கம்பிச் சக்கரம் தேவைதானா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்புகிறவருக்கு அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும்தான் சுகம். ஆணி ஏறினாலும் காற்று மெல்ல இறங்கும், சாலையோரத்தில் சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துவிடலாம். கம்பிச் சக்கரத்தின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. கூரான விளிம்புள்ள பள்ளத்தில் வேகமாக இறங்கினால் வார்ப்பு அலாய் விரிசல் விடக்கூடும். கம்பிச் சக்கரம் கொஞ்சம் நெளியும், உங்களை வீடு கொண்டுவந்து சேர்க்கும், பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம். மலைப்பாதை, ஜல்லிச் சாலை, லடாக் பயணம் என்று போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். கம்பிச் சக்கரம் எடை குறைவு என்று பலர் நம்புகிறார்கள். இரும்பு ரிம் போட்ட கம்பிச் சக்கரம் அலாயைவிடக் கனமாகவும் இருக்கலாம், தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஹப்

கம்பிச் சக்கரத்தில் வண்டியோடு உறவு வைத்திருப்பது ஹப் மட்டுமே. ஆக்சிலின் விட்டம், பேரிங்குகளுக்கு இடையிலான தூரம், அவற்றைத் தள்ளி நிறுத்தும் ஸ்பேசரின் நீளம், பிரேக் டிஸ்க் உட்காரும் முகம், அதன் போல்ட் துளைகள், பின்பக்கம் என்றால் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் நிற்கும் இடம் எல்லாம் அங்கேதான். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சென்சார் படிக்கும் பல்வளையமும் ஹப்போடுதான் சுழல்கிறது. அந்த வளையத்தின் பற்களின் எண்ணிக்கை மாறினால் வண்டியின் கணினிக்குச் சக்கரத்தின் வேகம் தவறாகத் தெரியும். வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடினால் வேகமே தெரியாமல் போகும், எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். வெளியில் விற்கும் முழுச் சக்கரங்களில் இத்தனையும் ஒன்றாகப் பொருந்துவது அபூர்வம். பொருந்தவில்லை என்றால் கடைக்காரர் வாஷர் வைத்துச் சரிக்கட்டுவார். வாஷர் வைத்துச் சரிக்கட்டிய ஆக்சிலில் நான் ஏறமாட்டேன்.

பின்சக்கரத்தில் இன்னொன்றும் இருக்கிறது, கப்ளிங் ரப்பர். ஸ்பிராக்கெட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே இருக்கும் அந்த ரப்பர் துண்டுகள்தான் எஞ்சினின் ஒவ்வொரு உதைப்பையும் வாங்கிக்கொள்கின்றன. ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு அது மிக முக்கியம். மண் பந்தய வண்டிகளுக்காகச் செய்த பல ஹப்புகளில் இந்த ரப்பரே கிடையாது, ஸ்பிராக்கெட் நேராக ஹப்பில் முடுக்கப்பட்டிருக்கும். அதைச் சாலை வண்டியில் மாட்டினால் உதைப்பு முழுவதும் செயினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும்.

ஆகவே உங்கள் ஹப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கம்பிகளைப் பிரித்த பிறகு அதைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கம்பி நுழையும் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டனவா? துளைக்குத் துளை மயிரிழை விரிசல் ஓடுகிறதா? அப்படி இருந்தால் அதே வண்டிக்கான நிறுவனத்தின் ஹப்பையே புதிதாக வாங்குங்கள். பேரிங்கை எப்படியும் இந்தச் சமயத்தில் மாற்றிவிடுவது நல்லது. பழைய பேரிங்கின் மேலேயே எண் பொறித்திருக்கும், அதே எண்ணில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாக வாங்குங்கள்.

அலாயிலிருந்து கம்பிக்கு மாறுகிறவர்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது, அவர்களிடம் கம்பி ஹப்பே கிடையாது. அவர்களுக்கு நல்ல வழி, அதே மாடலின் கம்பிச் சக்கர வகையைத் தேடுவது. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 போன்ற வண்டிகள் இரண்டு விதமாகவும் விற்பனைக்கு வருகின்றன. பாகங்களின் எண்களை இரண்டு வகைகளுக்கும் ஒப்பிட்டு, ஹப், ஸ்பேசர், டிஸ்க், பல்வளையம் ஆகியவற்றில் எவையெவை வேறுபடுகின்றன என்று பட்டியல் எடுத்து, வேறுபடும் அத்தனையையும் வாங்க வேண்டும். புதுப்பேட்டையில் பழைய சக்கரம் மலிவாகக் கிடைக்கும்தான். விபத்தில் சிக்கிய வண்டியின் சக்கரமா என்பதை எந்த வியாபாரியும் சொல்லமாட்டார்.

விட்டமும் அகலமும்

என் அக்காள் மகன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வைத்திருக்கிறான். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. அதே நிறுவனத்தின் ஸ்கிராம் 411-இல் இருப்பதுபோல முன்னால் 19 அங்குலச் சக்கரம் போட்டால் திருப்பங்களில் வண்டி நன்றாக வளையும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். “மாமா, இரண்டும் ஒரே எஞ்சின், ஒரே ஃபிரேம்தானே?” என்றான். காகிதத்தை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

21 அங்குலம் என்பது 533.4 மி.மீ. 90/90 டயர் என்றால் அகலம் 90 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 81 மி.மீ., மேலும் கீழுமாக 162. ஆக மொத்த விட்டம் ஏறத்தாழ 695 மி.மீ. 19 அங்குலம் 482.6, அதில் 100/90 டயர் என்றால் 180 கூட்டி 663 மி.மீ. வித்தியாசம் சுமார் 33 மி.மீ. அதாவது வண்டியின் முன்பக்கம் 16 மி.மீ. தாழும், ஹேண்டிலின் சாய்கோணம் செங்குத்தாகும், பாறையில் எஞ்சினின் அடிப்பகுதி இடிக்கும் வாய்ப்பு கூடும். வேகமானி முன்சக்கரத்திலிருந்து அளவெடுக்கும் வண்டியாக இருந்தால், உண்மையில் 60-இல் போகும்போது 63 என்று காட்டும். ஏ.பி.எஸ். முன்பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டு வேலை செய்வது, அதற்கும் இந்தக் கணக்கு தெரியாது. நிறுவனம் 19 அங்குலம் போட்டபோது இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்றியிருக்கும், நாம் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். மருமகனுக்கு ஒப்பவில்லை என்றாலும் 21-லேயே நிற்கிறான்.

அகலத்தில்தான் ஏமாறுவது அதிகம். ரிம்மின் அகலம் என்பது வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளப்பது அல்ல. டயரின் ஓரம் உட்காரும் உள்பக்கத்தில், ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை அளப்பது. 1.85 அங்குலம் என்றால் 47 மி.மீ., 2.15 என்றால் ஏறக்குறைய 55, 2.50 என்றால் 63.5. பழைய புல்லட் ரிம்களில் டபிள்யூஎம்2, டபிள்யூஎம்3 என்று பொறித்திருக்கும், அவை முறையே 1.85-உம் 2.15-உம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனையிலிருந்து இத்தனை வரை ரிம் அகலம் செல்லும் என்று டயர் நிறுவனங்கள் அட்டவணை வெளியிடுகின்றன. அதைப் பார்க்காமல் அகலமான ரிம் வாங்கினால் டயரின் முதுகு தட்டையாகிவிடும், வண்டி சாயும்போது ஓரிடத்தில் திடீரென விழுவதுபோல இருக்கும். குறுகிய ரிம்மில் பெரிய டயரைத் திணித்தால் முதுகு கூம்பிக்கொள்ளும், நேர்ச்சாலையிலேயே அலையும். பின்னால் அகல டயர் ஆசைப்படுகிறவர்கள் செயினுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

ரிம்

இரும்பா, அலுமினியமா என்பது காந்தம் சொல்லிவிடும். இரும்பு மலிவு, நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம், ஆனால் குரோம் பூச்சு உரிந்த இடத்தில் கடற்காற்று புகுந்துவிடும். திருவொற்றியூர் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் அலுமினியம் எல்லாம் ஒன்றல்ல. ஜப்பானின் தகசாகோ நிறுவனம் செய்யும் எக்செல் ரிம்கள் 7000 வரிசை உலோகக் கலவையில் ஆனவை, பெயர் பெற்றவை. பெயர் பெற்றதனாலேயே அந்த ஸ்டிக்கர் எந்த ரிம்மிலும் ஒட்டப்பட்டு வரும். ஸ்டிக்கரை விடுங்கள், உலோகத்தில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். விட்டம், அகலம், செய்த நிறுவனம் மூன்றும் பொறிக்கப்படாத ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அலுமினிய ரிம் என்பது நீளமான பட்டையை வளைத்து இரு முனைகளையும் பற்றவைத்தது. அந்த இணைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து விரலை ஓட்டுங்கள். மேடு தட்டக்கூடாது. பிறகு கண்ணாடி போட்ட சமமான மேசை மேல் ரிம்மைப் படுக்க வைத்து, சுற்றிலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். வெறும் ரிம்மே கோணலாக இருந்தால் கம்பியை இழுத்து அதை நேராக்க வேண்டியிருக்கும். அப்படி நேராக்கிய சக்கரத்தில் சில கம்பிகள் மிக இறுக்கமாகவும் சில தொய்வாகவும் இருக்கும். பார்வைக்கு நேராக ஓடும், ஆனால் நீடிக்காது.

துளைகளை எண்ணுங்கள். 36-உம் 40-உம் இரண்டுமே புழக்கத்தில் இருப்பதால், உங்கள் ஹப்பில் எத்தனையோ அத்தனைதான் ரிம்மிலும் இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும் பொருந்தாத ரிம்கள் உண்டு. ரிம்மில் துளை போடும்போது அது ஹப்பின் எந்த விளிம்பை நோக்க வேண்டும் என்று சாய்த்துப் போடுவார்கள். பெரிய டிரம் ஹப்புக்கான ரிம்மைச் சிறிய டிஸ்க் ஹப்புக்குக் கட்டினால், நிப்பிள் ஒரு திசையிலும் கம்பி ஒரு திசையிலும் நிற்கும். நிப்பிள் வாயில் கம்பி மடங்கும். அங்கேயே மரையில் ஒடியும். எனவே வாங்கும் இடத்தில் ஹப்பையும் கொண்டுபோங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கூட்டம் இல்லாத காலை நேரத்தில் போனால், ஒரு கம்பியைக் கோத்துப் பார்க்க அனுமதிப்பார்கள்.

பவுடர் கோட்டிங் போட்ட ரிம் பற்றியும் ஒரு வார்த்தை. நிப்பிள் உட்காரும் குழியில் தடித்த பூச்சு இருந்தால், ஓட்ட ஓட்ட அது நசுங்கும். கம்பிகள் தாமாகவே தளரும். அந்தக் குழிகளில் மட்டும் பூச்சு இல்லாமல் கேட்டு வாங்குங்கள். தங்க நிறமா கறுப்பா என்பது இதற்குப் பிறகு.

கம்பி

எனக்கு அதிகம் பேசப் பிடித்த இடம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பிச் சக்கரம் கயிற்றுக் கட்டில் மாதிரி. எல்லாக் கயிறும் முன்பே இழுபட்டு நின்றால்தான் பாரம் தாங்கும். வண்டியின் எடை இறங்கும்போது தரையை ஒட்டியுள்ள கம்பிகளின் இழுவிசை குறைகிறது, மேலே போனதும் மீள்கிறது. 695 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 458 முறை சுற்றும். அத்தனை முறை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகும். போதுமான இழுவிசையோடு கட்டியிருந்தால் அந்த ஏற்ற இறக்கம் கம்பிக்குப் பெரிய தொல்லை இல்லை. தொய்வாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி முழுவதுமாகத் தளர்ந்து, ஹப் துளையில் ஆடி, மறுபடி வெடுக்கென்று இழுபடும். அதனால்தான் கம்பிகள் பெரும்பாலும் தலைக்கு அருகே உள்ள வளைவில் ஒடிகின்றன. ஒடிந்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு “தடிமன் போதவில்லை” என்று சொல்கிறவர்கள், இறுக்கம் போதவில்லை என்பதைத்தான் பெரும்பாலும் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்.

தடிமனை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 8 கேஜ் ஏறத்தாழ 4 மி.மீ., 9 கேஜ் 3.65, 10 கேஜ் 3.25. உங்கள் ஹப் துளைக்கு எது பொருந்துகிறதோ அதையே வாங்குங்கள். தடித்த கம்பிக்காக ஹப் துளையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஹப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் கம்பி வாங்கும்போது காந்தத்தை ஒட்டிப் பார்த்து, “ஒட்டுகிறதே, போலி” என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 304 ரகம் குளிர்நிலையில் இழுத்துக் கம்பியாக்கப்படும்போது கொஞ்சம் காந்த ஈர்ப்பு பெறுவது இயல்பு. லேசாக ஒட்டினால் பயப்பட வேண்டாம். நிப்பிள் மட்டும் நிக்கல் பூசிய பித்தளையாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஸ்டெயின்லெஸ் நிப்பிள் போட்டால் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிறகு திரும்பவே திரும்பாது. அலுமினிய நிப்பிள் இலேசானதுதான், உப்புக் காற்றில் உளுத்துப்போகும்.

நீளத்தை ஊகிக்க வேண்டாம். வளைவின் உள்பக்கத்திலிருந்து மரை முனை வரை அளந்து, முன்சக்கரம், பின்சக்கரம், இடப்பக்கம், வலப்பக்கம், உள்கம்பி, வெளிக்கம்பி என்று தனித்தனியாக எழுதிவையுங்கள். உள்கம்பிக்கும் வெளிக்கம்பிக்கும் வளைவின் கோணமே வேறு. ஆனால் புதிய ரிம்மின் உட்குழிவு பழையதைவிட மாறியிருந்தால் பழைய நீளம் செல்லாது. கட்டி முடிந்ததும் கம்பி முனை நிப்பிளின் திருகு வெட்டுக்கு அடி வரை வந்திருந்தால் அளவு சரி. அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் டியூபைக் குத்தும். கிரைண்டரால் தேய்த்துவிடலாம் என்பார்கள். தேவையான அளவில் கம்பி கிடைக்கும்போது தேய்ப்பானேன்? குறைவாக இருந்தால் இன்னும் ஆபத்து, சில மரைகளின் பிடியில் உங்கள் உயிர் தொங்கும்.

டியூப் வேண்டாம் என்றால்

கம்பிச் சக்கரத்தில் டியூப்லெஸ் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமான ஆசைதான். வழிகள் மூன்று. கம்பியை ரிம்மின் ஓர விளிம்பிலேயே மாட்டி, காற்றறைக்குள் துளையே இல்லாமல் செய்வது முதல் வழி. பி.எம்.டபிள்யூ. 1987-இல் தன் ஜி.எஸ். வண்டிகளில் இதைக் கொண்டுவந்தது. ஹிமாலயன் 450-க்கும் டியூப்லெஸ் கம்பிச் சக்கரத்தை நிறுவனமே தருகிறது, 450 வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம். இரண்டாவது, ஒவ்வொரு நிப்பிளிலும் ரப்பர் வளையம் வைத்து அடைப்பது. இத்தாலியின் ஆல்பினா இந்த முறையில் செய்கிறது, விலை கையைக் கடிக்கும். மூன்றாவது, சாதாரண ரிம்மின் உள்ளே ஒட்டுநாடாவோ சீலண்டோ போட்டு அடைப்பது.

மூன்றாவதைச் செய்யும் முன் ரிம்மில் எம்டி என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எம்டி ரிம்மில் டயர் ஓரம் உட்காருமிடத்துக்கு உள்பக்கமாக ஒரு சிறு மேடு ஓடும். காற்று இறங்கினாலும் டயர் உள்ளே நழுவிவிடாமல் அந்த மேடு தடுக்கும். டபிள்யூஎம் ரிம்மில் அது கிடையாது. அதில் ஒட்டுநாடா போட்டு ஓட்டுகிறவர்கள், காற்று போன ஒரு கணத்தில் டயரும் ரிம்மை விட்டுப் போய்விடலாம் என்பதைத் தெரிந்துகொண்டு ஓட்டட்டும். முன்சக்கரத்தில் நான் அதைச் செய்யமாட்டேன். மேலும் ஒட்டுநாடா போட்ட பிறகு நிப்பிளை மாற்ற வேண்டி வந்தால் எல்லாவற்றையும் உரிக்க வேண்டும். டியூபோடே இருப்பவர்கள் நல்ல ரிம் டேப், சரியான அளவு டியூப், இரண்டு டயர் லிவர், கை பம்பு வைத்துக்கொண்டால் போதும்.

கட்டுகிறவர்

பழைய சக்கரத்தைப் பிரிப்பதற்கு முன் ஓர் அளவு எடுத்தாக வேண்டும். ஹப்பின் டிஸ்க் முகத்தின் மேல் நேர்ச்சட்டம் வைத்து, அதிலிருந்து ரிம்மின் ஓரம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரிம் ஹப்புக்கு நட்டநடுவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, டிஸ்க்குக்காகவும் செயினுக்காகவும் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கலாம். பிரித்துப் போட்ட பிறகு இந்த அளவை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. புதிய ரிம் வேறு அகலம் என்றால், ரிம்மின் நடுக்கோட்டுக்கு மாற்றிக் கணக்கிடுங்கள்.

கட்டுகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கோட்டம் எதில் வைத்துப் பார்ப்பீர்கள்? கொஞ்சம் ஓட்டிவிட்டுக் கொண்டுவந்தால் மறுபடி பார்த்துத் தருவீர்களா? முதலாவதற்குச் சக்கரத்தை மாட்டிச் சுற்றும் தாங்கியும், ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜும் காட்டினால் மகிழ்ச்சி. இரண்டாவதற்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். பல சர்வீஸ் கையேடுகள் ரிம்மின் ஆட்டத்துக்குப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 2 மி.மீ. வரை எல்லை வைத்திருக்கின்றன. அது ஓடித் தேய்ந்த சக்கரத்துக்கான எல்லை. புதிதாகக் கட்டியதில் அரை மி.மீ.க்குள் கேளுங்கள், கைத்திறன் உள்ளவருக்கு அது கஷ்டமே இல்லை. வீட்டில் சரிபார்க்க டயல் கேஜ் வேண்டாம். ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, அதன் வால் ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வெட்டிவிட்டு, சக்கரத்தைச் சுற்றுங்கள். எங்கே உரசுகிறது, எங்கே விலகுகிறது என்று கண்ணுக்கே தெரியும். பிறகு சிறு ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மற்றப் பக்கம் வேறு சுருதியாக இருந்தால் தவறில்லை, ரிம் ஒதுங்கியிருக்கும் சக்கரத்தில் அப்படித்தான் வரும். நடுவில் ஒன்று “டொக்” என்றால் அது வேலை செய்யாத கம்பி.

சட்டம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிறுவனம் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் விட்டத்தையும் டயர் அளவையும் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

புதிதாகக் கட்டிய சக்கரம் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளரத்தான் செய்யும். கம்பித் தலைகளும் நிப்பிள்களும் தங்கள் இடத்தில் அமர்வதால் வரும் தளர்வு அது. முதல் 100 கி.மீ.க்குப் பிறகு ஒருமுறை, 500-இல் மறுமுறை தட்டிப் பாருங்கள். தளர்ந்ததைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் முடுக்காதீர்கள். வரிசையாக முடுக்காமல் இரண்டு கம்பி விட்டு மூன்றாவதாகப் போய்க்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் ரிம் ஒரு பக்கம் இழுபடும். நெடும்பயணம் போகிறவர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கத்துக்கும் உள்கம்பி, வெளிக்கம்பி இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வாங்கி, நிப்பிளோடு சேர்த்து டேப் சுற்றி ஃபிரேமில் கட்டிவையுங்கள். எந்தக் கம்பி எந்தப் பக்கத்துக்கு என்று டேப்பின் மேலேயே எழுதிவிடுங்கள், சாலையோரத்தில் வெர்னியர் இருக்காது.